சமையலறை அலமாரியில் கருப்புச் சிலந்தி: ரெட்பேக்கா, வேறு ஏதாவதா?

கொடிமுல்லை (டூங்காபி, சிட்னி)

அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து சிட்னிக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. டூங்காபியில் பழைய வாடகை வீடு ஒன்றில் இருக்கிறோம்.

நேற்று இரவு பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் சோப்பு எடுக்கக் குனிந்தேன். குழாய் வளைவுக்கும் சுவருக்கும் நடுவே ஒழுங்கில்லாமல் பின்னிய வலை. அதில் கருப்பாக ஒரு சிலந்தி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு பளபளப்பு, வயிறு உருண்டை, கால்கள் மெல்லியவை. உடம்பின் நீளம் என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. முதுகில் சிவப்புக் கோடு எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. வயிற்றின் முன்பக்கம் வெளிர் நிறத்தில் ஒரு வளைவு இருந்ததாக நினைக்கிறேன். ஆனால் அது டார்ச் வெளிச்சம் பட்ட பளபளப்பாகவும் இருக்கலாம்.

கணவர் மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்து அலமாரியில்தான் அரிசியும் பருப்பும் இருக்கின்றன, காலையில் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நான் தடுத்துவிட்டேன். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் அனுப்பினால் பாதிப் பேர் ரெட்பேக் (முதுகில் சிவப்புக் கோடுள்ள நச்சுச் சிலந்தி) என்கிறார்கள், ஒருவர் ஃபனல்வெப் (சிட்னியின் கொடிய நச்சுச் சிலந்தி) என்று சொல்லி எங்கள் தூக்கத்தையே கெடுத்துவிட்டார். வீட்டில் நான்கு வயது மகன் இருக்கிறான். எல்லா அலமாரியையும் திறந்து விளையாடுகிற வயது.

இது ரெட்பேக்தானா என்று எப்படி உறுதி செய்வது? பார்ப்பதற்கு அப்படியே இருக்கும் ஆபத்தில்லாத சிலந்திகளும் உண்டு என்று படித்தேன். வித்தியாசம் என்னவென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் தெளிவாக இல்லை, மன்னிக்கவும்.

நீலவானம் (பெண்டில் ஹில்)

குழந்தை இருக்கும் வீட்டில் என்ன சிலந்தி என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மருந்தை அடித்துவிட்டு வாக்குவம் போட்டு உறிஞ்சிவிடுங்கள். நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை ஆளை வரவழைத்து வீடு முழுவதும் மருந்து அடிக்கிறோம். இந்த நாட்டில் கருப்பாக எது இருந்தாலும் பயப்பட வேண்டியதுதான்.

மீட்டர்காரர் (செவன் ஹில்ஸ்)

தங்கச்சி, மருந்து அடிக்காமல் தடுத்தது நல்லது. அந்த அலுமாரிக் கதவை மூடி, பிள்ளை திறக்காதபடி ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு ஆறுதலாக இதை வாசியுங்கள். வலையில் தொங்குகிற சிலந்தி உங்களைத் தேடி வரப்போவதில்லை.

நான் ஓய்வு பெறும்வரை தண்ணீர் மீட்டர் வாசிக்கும் வேலையில் மேற்குச் சிட்னி முழுக்க நடந்தவன். நிலத்தில் பதித்திருக்கும் மீட்டர்ப் பெட்டியின் மூடியைத் தூக்கினால் அதன் அடியில் ரெட்பேக் இருக்கும் என்பதுதான் அந்த வேலையில் சேருகிறவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். மூடியைக் கையால் தொடமாட்டோம், கொக்கி போட்டுத்தான் தூக்குவோம். அப்படிப் பார்த்துப் பார்த்தே எனக்குச் சிலந்திகளில் ஈடுபாடு வந்தது. இப்போதும் சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும்.

முதலில் ஃபனல்வெப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அது மண்ணில் வளை அமைத்து, வாசலில் நூல்களை விரித்துவைத்து வாழ்வது. கோடையிலும் அதற்குப் பிறகு சில மாதங்களும் ஆண் சிலந்திகள் பெண்ணைத் தேடி இரவில் அலையும். அப்போது வீட்டுக்குள் வந்துவிடுவதுண்டு. வந்தாலும் தரையில்தான் இருக்கும், அல்லது சப்பாத்துக்குள், நிலத்தில் கிடக்கும் உடுப்புக்குள் புகுந்திருக்கும். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நூல் பின்னித் தலைகீழாகத் தொங்குகிற வழக்கம் அதற்குக் கிடையாது. அதன் கால்களும் தடித்தவை. நீங்கள் சொல்வது மெல்லிய கால்கள். ஆகவே அந்த உறவினர் சொன்னதை மறந்துவிட்டு நித்திரை கொள்ளுங்கள்.

ஒழுங்கில்லாத வலை, தலைகீழாகத் தொங்குதல், உருண்டைப் பின்னுடல் என்ற மூன்றும் சேர்ந்தால் அது தெரிடியிடே என்ற குடும்பம். ரெட்பேக் இந்தக் குடும்பம்தான், லாட்ரோடெக்டஸ் என்ற விதவைச் சிலந்திப் பேரினத்தைச் சேர்ந்தது. அதைப்போலத் தோன்றி எல்லாரையும் கலங்கடிக்கிற ஸ்டியாடோடா என்ற போலி விதவையும் இதே குடும்பம். வலையை வைத்து இந்த இடம்வரைக்கும்தான் வரலாம். இதற்கு மேல் உடம்பைப் பார்த்தாக வேண்டும்.

உடம்பில் எல்லாரும் முதுகுக் கோட்டைத்தான் தேடுகிறார்கள். தேடுகிற பக்கம் பெரும்பாலும் பிழையாகிவிடுகிறது. தலைகீழாகத் தொங்குகிற சிலந்தியின் முதுகு தரையைப் பார்த்தபடி இருக்கும், அடிப்பக்கம் மேலே இருக்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரண்டுமே சரியாகத் தெரியாது. அதனால் கைபேசியை ஒரு நீளமான தடியில் கட்டியோ, கீழே படுக்கவைத்தோ, வெளிச்சத்தைப் போட்டு அடியிலிருந்து ஒரு படம் எடுங்கள், அது முதுகுக்கு. பிறகு மேலிருந்து சாய்வாக இன்னொன்று, அது வயிற்றின் அடிப்பக்கத்துக்கு.

வளர்ந்த பெண் ரெட்பேக்கின் பின்னுடல் நல்ல பட்டாணியைப்போல முழு உருண்டை, பெரும்பாலும் கன்னங்கரேல் என்றிருக்கும். உடம்பு மொத்தமும் ஒரு சென்டிமீட்டர் அளவு. முதுகில் நீளவாக்கில் சிவப்புப் பட்டை. அடியில் உடுக்கை வடிவத்தில் சிவப்போ செம்மஞ்சளோ இருக்கும். முதுகுப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். அது துண்டு துண்டாக இருக்கலாம், மங்கியிருக்கலாம், அபூர்வமாக இல்லாமலே போகலாம். நான் முதலில் பார்ப்பது எப்போதும் அடியில் இருக்கும் உடுக்கையைத்தான்.

ஸ்டியாடோடாவில் நம் வீடுகளில் இரண்டு வகை வரும். ஒன்று ஸ்டியாடோடா க்ரோஸா. இங்கே அதைக் கப்போர்ட் ஸ்பைடர் என்பார்கள், அதற்கு அலுமாரிகள்மேல் அவ்வளவு விருப்பம். ஐரோப்பாவிலிருந்து வந்து உலகமெங்கும் பரவியது. நிறம் தூரத்தில் கருப்பு, வெளிச்சத்தில் பார்த்தால் ஊதா கலந்த பழுப்பு. பின்னுடல் முழு உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் நீண்டு முட்டை வடிவில் இருக்கும். அதன் முன்விளிம்பைச் சுற்றி வெளிர் நிற வளைவு ஒன்று இருப்பது வழக்கம், நடுவில் வெளிர் புள்ளிகளும் இருக்கலாம். நீங்கள் பார்த்ததாகச் சொல்லும் வளைவு உண்மையானால் நான் இதன் பக்கம்தான் சாய்வேன். மற்றது ஸ்டியாடோடா கபென்சிஸ், தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. இதுதான் நிறைய ஆட்களை ஏமாற்றுகிறது. ஏனென்றால் இதன் பின்னுடல் நுனியில், நூல் விடும் இடத்துக்குச் சற்று மேலே, சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ மஞ்சளாகவோ சிறிய திட்டு ஒன்று இருக்கக்கூடும். சிவப்பைக் கண்டதும் ரெட்பேக் என்று கத்திவிடுகிறார்கள். திட்டு நுனியில் மட்டும் நிற்கிறதா, முதுகின் நடுவில் பட்டையாக ஓடுகிறதா என்று பாருங்கள். அடியில் உடுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். கபென்சிஸுக்கு உடுக்கை கிடையாது.

ஒரு எச்சரிக்கை. இளம் ரெட்பேக்கின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். வெளிர் அடையாளம் தெரிகிறது, ஆகவே ஆபத்தில்லை என்று சின்னச் சிலந்தி ஒன்றைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

முட்டைப்பை இருந்தால் வேலை இன்னும் சுலபம். ரெட்பேக்கின் முட்டைப்பை உருண்டையாக, பால்வெள்ளையிலிருந்து இளம்பழுப்புவரை உள்ள நிறத்தில், இறுக்கமாக நெய்திருக்கும். உள்ளே இருப்பது தெரியாது. ஸ்டியாடோடாவுடையது வெள்ளையாக, தளர்வாக இருக்கும், நூல்களுக்கு ஊடாக முட்டைகளே தெரியும். சிலந்தி எங்கோ ஒளிந்துவிட்டாலும் முட்டைப்பை அங்கேயே இருக்கும் என்பதால் எனக்கு இந்த அடையாளத்தில் மிகுந்த நம்பிக்கை. கூர்மையான முனைகள் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டையான முட்டைப்பையைக் கண்டால் எனக்கு உடனே சொல்லுங்கள், அது பழுப்பு விதவைச் சிலந்தி.

பூதக்கண்ணாடியும் கண்ணாடிச் சாடியும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி. சிலந்தியின் எட்டுக் கண்களில் பக்கவாட்டில் இரண்டிரண்டாக இருப்பவற்றைப் பாருங்கள். ஸ்டியாடோடாவில் அந்த இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். விதவைச் சிலந்திகளில் நன்றாக விலகியிருக்கும். நிறம் எப்படி மாறினாலும் இது மாறாது. சாடியில் அடைக்காமல் இதைப் பார்க்க முயலவேண்டாம்.

ஜன்னல் மூலையில் புனல் வடிவ ஓட்டையோடு அழுக்கு நூல்வலை இருந்தால் அது கருப்பு வீட்டுச் சிலந்தி, உங்களுடையது அதுவல்ல. வளவில் கால்களும் முன்னுடலும் சிவப்பாக, பின்னுடல் மட்டும் கருப்பாக ஒன்று ஓடினால் அது நிக்கோடாமஸ், அதையும் ரெட்பேக் என்று நினைத்து மிதிக்கிறார்கள். ரெட்பேக்கில் சிவப்பு பின்னுடலில் இருக்கும், கால்கள் கருப்பு.

நீலவானம், பிள்ளையைப் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தரையிலும் சுவரிலும் அடிக்கும் மருந்து, அதன்மேல் நடந்துபோகிற பூச்சிக்குத்தான் நன்றாக வேலை செய்யும். வலைச் சிலந்தி நூலில் தொங்கிக்கொண்டே காலத்தைக் கழிப்பது, மருந்து பட்ட இடத்தில் அது நடப்பதே குறைவு. நேரே அதன்மேல் அடித்தால் சாகும், உண்மை. அரிசி, பருப்புக்குப் பக்கத்தில் அதைச் செய்ய என் மனம் ஒப்பவில்லை. தும்புத்தடியால் வலையையும் முட்டைப்பையையும் எடுத்துவிடுவது அதைவிடப் பயன் தரும். இன்னொன்றும் சொல்கிறேன்: கூரை மூலையில் நீண்ட கால்களோடு ஆடிக்கொண்டிருக்கும் டாடி லாங் லெக்ஸ் சிலந்திகளை அடித்துவிடாதீர்கள். அவை ரெட்பேக்கையே பிடித்துத் தின்பவை. ஸ்டியாடோடா க்ரோஸாவும் விதவைச் சிலந்திகளைப் பிடிக்கும். காவலுக்கு இருப்பதைக் கொன்றுவிட்டுப் பிறகு கள்ளன் வந்தான் என்று முறையிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

படங்களை எடுத்துப் போடுங்கள் தங்கச்சி. அலுமாரிக்குள் கையை விடவேண்டாம்.

கடற்கரைவாசி (வெலிங்டன், நியூசிலாந்து)

மீட்டர்காரர் ஐயா கபென்சிஸ் பற்றிச் சொன்னதும் எழுத வேண்டும் என்று தோன்றியது. இங்கே அதற்குப் பெயரே போலி கட்டிபோ. கட்டிபோ என்பது நியூசிலாந்துக்கே உரிய விதவைச் சிலந்தி, கடற்கரை மணல்மேடுகளில் புல்லுக்கும் ஒதுங்கிய மரக்கட்டைகளுக்கும் அடியில் வாழ்வது. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததால் 2010 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கொல்வது குற்றம். புயலில் மணல்மேடு கலைந்து கட்டிபோ அழிந்துபோன இடங்களில் கபென்சிஸ் வந்து குடியேறிவிடுகிறது. அது வருடம் முழுவதும் இனப்பெருக்கம் செய்வதால் கட்டிபோவால் ஈடுகொடுக்க முடிவதில்லை. எங்களுக்கு இரண்டையும் பிரித்தறிவது இந்த வகையிலும் முக்கியம். ஆபத்தானதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, ஆபத்தில்லாதது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாங்களும் மணலில் மண்டியிட்டு அடிப்பக்கத்தின் சிவப்பைத்தான் தேடுகிறோம்.

இரவுப்பணி (வெஸ்ட்மீட்)

அவசரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அடையாளம் காண்பதை மீட்டர்காரர் ஐயாவிடம் விட்டுவிடுகிறேன். கடித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் தேவையில்லாத இடத்தில் கட்டுப்போட்டும், தேவையான இடத்தில் போடாமலும் வருகிறார்கள்.

ரெட்பேக் கடிக்குக் கட்டு வேண்டாம். அதன் நஞ்சு மெதுவாகத்தான் பரவும், இறுக்கிக் கட்டினால் வலிதான் கூடும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். கடித்த கணத்தில் வலி பெரிதாக இல்லாமல் போகலாம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் அது கூடிக்கொண்டே போகும். கடித்த இடத்தில் மட்டும் வியர்ப்பது, அங்கே மயிர் சிலிர்த்து நிற்பது, காலில் கடித்திருந்தால் வலி தொடைக்கும் வயிற்றுக்கும் ஏறுவது, குமட்டல் ஆகியவை எல்லாம் நாங்கள் கவனிக்கும் அறிகுறிகள். சிறு குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. காரணம் தெரியாமல் விடாமல் அழுதால் உடையைக் கழற்றி உடம்பு முழுவதும் பாருங்கள். குழந்தைக்குக் கடித்தது என்றாலோ, வலி பரவுகிறது என்றாலோ மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் நச்சுத் தகவல் மையம் 13 11 26, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

இந்த நஞ்சு நரம்பு முனைகளில் சேமித்திருக்கும் செய்திக் கடத்திகளை ஒரேயடியாக வெளியே கொட்டவைக்கிறது, வலியும் வியர்வையும் அதனால்தான். நச்சுமுறி மருந்து 1956 முதல் இங்கே இருக்கிறது. ஆனால் வலிநிவாரணிகளோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை என்று 2014இல் வெளியான ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வு காட்டியது. எனவே ஊசி போடவில்லையே என்று வந்தவர்கள் பதற வேண்டாம். நல்ல வலிநிவாரணி கொடுத்துக் கவனிப்பதுதான் முதல் சிகிச்சை, மற்றதை நச்சியல் மருத்துவரோடு பேசி முடிவு செய்வார்கள்.

ஸ்டியாடோடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தீங்கற்றது' என்றால் கடிக்கவே கடிக்காது என்று பொருளில்லை. அதன் நஞ்சும் ரெட்பேக் நஞ்சோடு உறவுள்ளதுதான், மிகவும் பலவீனமானது. கடித்த இடத்தில் வலி இருக்கும், சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும், பிறகு தானாகச் சரியாகிவிடும். ரெட்பேக் கடியின் நீண்ட வலியும் வியர்வையும் பொதுவாக வருவதில்லை.

கட்டுப் போட வேண்டியது பெரிய, கருப்பான, தரையில் திரிந்த சிலந்தி கடித்தால். சிட்னியில் அதை ஃபனல்வெப் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அவசர உதவி எண் 000க்கு அழைத்து, கை அல்லது கால் முழுவதையும் அகலமான பட்டையால் அழுத்திக் கட்டி, அசையாமல் வைத்திருங்கள். அதற்கான நச்சுமுறி 1981இல் வந்தது, அதன் பிறகு ஃபனல்வெப் கடியால் மரணம் பதிவாகவில்லை. இரண்டு சிலந்திகளுக்கும் முதலுதவி நேரெதிராக இருப்பதால்தான் எது கடித்தது என்று தெரிந்துகொள்வதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன். கடித்த சிலந்தியைப் பாதுகாப்பாக மூட முடிந்தால் பாட்டிலில் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் படம் போதும்.

கடித்த இடத்தில் சுண்ணாம்பு, மஞ்சள், பச்சிலை எதுவும் தடவ வேண்டாம். தோலின் நிறத்தையும் வியர்வையையும் பார்க்க முடியாமல் போகிறது. கீறி இரத்தம் எடுப்பதும் கூடாது.

கொடிமுல்லை (டூங்காபி, சிட்னி)

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் மிக்க நன்றி. கணவர் கைபேசியைத் துடைப்பக் கழியில் கட்டி, கீழிருந்து காணொளியாகவே எடுத்துவிட்டார். இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். நான் பார்த்த வளைவு வெளிச்சத்தால் வந்ததில்லை, உண்மையாகவே இருக்கிறது. பின்னுடலின் முன்விளிம்பில் மஞ்சள் கலந்த வெண்மையாகத் தெரிகிறது. முதுகின் நடுவில் மங்கலாக மூன்று புள்ளிகள். நிறம் காபிக்கொட்டை வறுத்த கரும்பழுப்பு. அடியில் சிவப்பே இல்லை. குழாயின் பின்னால் வெள்ளையாக ஒரு முட்டைப்பை, உள்ளே இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்ன முட்டைகள் தெரிகின்றன.

ஆனால் இதோடு முடியவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கணவர் பின்பக்கமும் போய்ப் பார்த்தார். மகனின் மூன்று சக்கர வண்டி ஒரு வாரமாகத் துணி காயப்போடும் இடத்தில் கிடந்தது. அதன் இருக்கைக்கு அடியில் இன்னொரு கருப்புச் சிலந்தி. வலையிலிருந்து தரைவரை சில நூல்கள் நேராக இறங்கியிருக்கின்றன. மூன்றாவது படம் அது. முதுகில் கோடு கொஞ்சம்தான் தெரிகிறது, இரண்டு இடத்தில் விட்டுவிட்டு. அடியில் நல்ல சிவப்பு. பக்கத்தில் இளம்பழுப்பு உருண்டைகள் இரண்டு. வண்டியை யாரும் தொடாதபடி சுற்றி நாற்காலிகளை அடுக்கிவைத்திருக்கிறோம். என்ன செய்யட்டும்?

மீட்டர்காரர் (செவன் ஹில்ஸ்)

படங்கள் அருமை. தம்பிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

அலுமாரியில் இருப்பது ஸ்டியாடோடா க்ரோஸா, பெண். வளைவு, பழுப்பு நிறம், அந்த முட்டைப்பை எல்லாம் ஒத்துப்போகின்றன, எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டிக்கு அடியில் இருப்பது ரெட்பேக், அதுவும் பெண். மூன்றாவது படத்தில் அடிப்பக்கத்து உடுக்கை முழுமையாகத் தெரிகிறது. முதுகுக் கோடு விட்டுவிட்டு இருப்பதைப் பாருங்கள். இதை முதுகை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால் யோசித்துக்கொண்டிருப்போம். நீங்கள் சொன்ன நேராக இறங்கும் நூல்கள் அதன் பொறி. தரையோடு ஒட்டும் நுனியில் பசை இருக்கும். ஊர்ந்து வரும் பூச்சி பட்டதும் நூல் அறுந்து மேலே தூக்கிவிடும்.

நான் சிலந்திகளை நேசிக்கிறவன். ஆனாலும் பிள்ளை ஏறி ஓட்டும் வண்டியில் ரெட்பேக்கை விட்டுவைக்கச் சொல்லமாட்டேன். பகலில், தடித்த தோட்டக் கையுறையும் மூடிய சப்பாத்தும் போட்டுக்கொண்டு தம்பி செய்யட்டும். பிள்ளை வீட்டுக்குள் இருக்கட்டும். வண்டியைக் கவிழ்க்க வேண்டாம், கலைந்தால் அது கால்களைச் சுருட்டிக்கொண்டு கீழே விழுந்து செத்ததாகக் கிடக்கும், பிறகு புல்லில் தேடவேண்டி வரும். வண்டி இருக்கிற இடத்திலேயே நீண்ட தடியால் வலையோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துத் தரையில் வைத்து மிதித்துவிடுங்கள். முட்டை உருண்டைகளை விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. ஒவ்வொன்றிலும் சராசரியாக இருநூற்றைம்பது முட்டைகள் இருக்கும், வெப்ப காலத்தில் சில வாரங்களில் பொரித்துக் காற்றில் நூல் விட்டுப் பரவிவிடும். தடியால் நசுக்குங்கள், அல்லது பொலித்தீன் பையில் இறுக்கமாக முடிந்து குப்பையில் போடுங்கள். பிறகு வண்டியைத் தண்ணீர்க் குழாயால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். அந்த வலையில் சின்னதாக, இளம்பழுப்பாக வேறு ஒரு சிலந்தி இருந்தால் அது ஆண். மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அதே நேரத்தில் வளவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். மழை படாத, காற்று அடிக்காத, யாரும் அசைக்காத இடமெல்லாம் ரெட்பேக்குக்குப் பிடிக்கும்: பிளாஸ்டிக் கதிரைகளின் அடிவிளிம்பு, பூச்சாடிகளின் கழுத்து, தபால்பெட்டியின் உள்மூலை, எரிவாயு மீட்டர், சுருட்டிவைத்த நீர்க்குழாய், வெளியில் மாட்டிய சைக்கிள் ஹெல்மெட். ஹெல்மெட்டை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு நாளும் அசைகிற பொருளில் அது வலை கட்டாது. பிள்ளையின் வண்டியும் ஒரு வாரம் சும்மா கிடந்ததால்தான் அதன் கண்ணில் பட்டது. விளையாட்டுச் சாமான்களை இரவில் மூடியுள்ள பெட்டியில் போட்டு வையுங்கள்.

அலுமாரிச் சிலந்தியை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். என் வீடாக இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுவேன். பகலில் அசையாது, கண்பார்வை குறைவு, கரப்பான் குஞ்சுகளைப் பிடிக்கும். உங்கள் பிள்ளை அலுமாரிகளைத் திறக்கிற வயது என்பதால், இரவுப்பணி தங்கச்சி எழுதியதையும் மனதில் வைத்து, இடம் மாற்றிவிடுங்கள். அகன்ற வாயுள்ள கண்ணாடிப் போத்தலை அதற்கு நேர் கீழே பிடித்து, மேலிருந்து ஒரு கெட்டி அட்டையால் வலையைத் தட்டினால் அதுவே உள்ளே விழும். அட்டையால் மூடிக் கொண்டுபோய் வேலியோரத்தில் அடுக்கிய பலகைக்குள் விடுங்கள். முட்டைப்பையையும் அதோடு வைத்துவிட்டால் நான் மகிழ்வேன்.

முடிந்தால் போத்தலில் இருக்கும்போதே பூதக்கண்ணாடியால் அதன் பக்கவாட்டுக் கண்களை மகனுக்குக் காட்டுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தச் சிலந்தியையும் தொடக்கூடாது என்பதோடு, எதை ஏன் என்று பார்க்கவும் இப்போதே பழக்கலாம்.

நீலவானம் (பெண்டில் ஹில்)

இதைப் படித்துவிட்டு எங்கள் கராஜில் பார்த்தேன். வருடாந்தர மருந்து அடித்துச் சில வாரம்தான் ஆகிறது. பழைய மேசைக்கு அடியில் உடுக்கையோடு ஒன்று தொங்குகிறது. மூலையில் மூன்று முட்டை உருண்டைகள். தடியும் கையுறையும் தயார். ஐயா, பின்புறம் ஜன்னல் ஓரத்தில் அழுக்கு வலையும் புனல் ஓட்டையும் இருக்கிறது, அது நீங்கள் சொன்ன கருப்பு வீட்டுச் சிலந்திதானே?

மீட்டர்காரர் (செவன் ஹில்ஸ்)

அதுதான். பெயரில் மட்டுமே பயம். விரல் வைத்தால் கடிக்கும், வலிக்கும், ஆனால் ஆபத்து இல்லை. ஜன்னலைத் திறந்து மூடுகிறீர்கள் என்றால் வலையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கொசுவுக்கு உதவியாக இருக்கட்டும்.

கொடிமுல்லை (டூங்காபி, சிட்னி)

இரண்டு வேலையும் முடிந்தது. வண்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டோம். க்ரோஸா இப்போது வேலிப் பலகைக்குள் இருக்கிறது, முட்டைப்பையும்தான். கண்கள் ஒட்டியிருப்பதை நானும் மகனும் பார்த்தோம், எனக்கு முதலில் நம்ப முடியவில்லை.

இரவுப்பணி அக்காவிடம் ஒரு கேள்வி. அடுத்த மாதம் என் மாமியார் வருகிறார். பகலில் மகனோடு தனியாக இருப்பார், ஆங்கிலம் தெரியாது. நீங்கள் கொடுத்த எண்ணை அவர் அழைத்தால் தமிழில் பேச வழி இருக்கிறதா?

இரவுப்பணி (வெஸ்ட்மீட்)

இருக்கிறது. மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. அதை அழைத்து "டமில்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். தமிழ் பேசுபவரை இணைத்த பிறகு, 13 11 26க்கு இணைக்கச் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்றால் அந்தச் சுற்று வழி வேண்டாம், நேரடியாக 000. "ஆம்புலன்ஸ்", "டமில்" என்ற இரண்டு சொற்களையும் வீட்டு முகவரியையும் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். மாமியார் வந்ததும் முகவரியை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். டூங்காபி என்பதை நம்மவர்கள் சொல்வதற்கும் இங்கே அழைப்பை எடுப்பவர் காதில் விழுவதற்கும் வித்தியாசம் இருக்கும், அதனால் அஞ்சல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.